‘வுட் யூ மைண்ட்’ என்று கேட்டேன், ‘நாட் அட் ஆல்’ என்று பதில் வந்தது. மறுத்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

கிளியரிங் ஆபீஸ் பெண், ரங்கூன்:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் ஒரு கிளியரிங் ஆபீசில், அதாவது கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்தில் இருந்து எடுத்துக்கொடுக்கிற ஆபீசில், ஒன்றரை வருடமாக வேலை செய்கிறேன். வீட்டில் தமிழ், வெளியே பர்மிய மொழி, மெயிலில் மட்டும் ஆங்கிலம். அந்த மெயில்தான் இப்போது மானத்தை வாங்குகிறது.

சிங்கப்பூரில் இருந்து ஒரு கன்டெய்னர் வரவேண்டியிருந்தது. உள்ளே என்னென்ன சரக்கு என்று சொல்கிற பேக்கிங் லிஸ்ட் மட்டும் வந்து சேரவில்லை. முதலில் நான் எழுதியது: ‘யூ மஸ்ட் செண்ட் த பேக்கிங் லிஸ்ட் டுடே ப்ளீஸ்.’ இன்றைக்கே அனுப்பணும் என்பதைத்தான் அப்படி எழுதினேன். ப்ளீஸ் கூடப் போட்டேனே! ‘நோட்டட்’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அவர்களுக்குக் கோபம் என்று எங்கள் சயா (பர்மிய மொழியில் மேலதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னார். சரி, மரியாதையாகவே கேட்போம் என்று ஒரு புத்தகத்தைப் பார்த்து மறுநாள் இப்படி எழுதினேன்: ‘வுட் யூ மைண்ட் செண்டிங் த பேக்கிங் லிஸ்ட் பிஃபோர் 3 பிஎம்?’ உடனே ‘நாட் அட் ஆல்’ என்று பதில். அகராதியைப் பார்த்தால் ‘இல்லவே இல்லை’ என்று போட்டிருக்கிறது. சயாவிடம் போய், அனுப்பவே மாட்டார்களாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சிங்கப்பூருக்குப் போன் போட்டு, ஏன் மறுக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே லிஸ்ட் என் மெயிலில் வந்து விழுந்தது.

இரண்டு நாளாக அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. கேன், குட், வில், வுட், மே எல்லாவற்றுக்கும் என் புத்தகத்தில் ‘முடியுமா’ என்று ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. எதை எங்கே போடுவது? குட் என்பது கேனின் இறந்தகாலம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். நாளைக்கு வேண்டியதை ஏன் நேற்றைய வார்த்தையில் கேட்கிறார்கள்?

தட்டோன்காரன்:

சிரித்துவிட்டேன், மன்னிக்கணும் தங்கச்சி. நானும் விழுந்த குழிதான் அது.

‘வுட் யூ மைண்ட்’ என்பது முடியுமா என்ற கேள்வியே இல்லை. ‘இதைச் செய்வதில் உங்களுக்கு ஏதாவது சங்கடம் உண்டா?’ என்பதுதான் கேள்வி. ‘நாட் அட் ஆல்’ என்றால் ஒரு சங்கடமும் இல்லை, அதாவது அனுப்புகிறேன். ‘நோ’ என்று சொன்னாலும் அனுப்புகிறேன்தான். உண்மையில் பயப்பட வேண்டியது ‘யெஸ்’ என்ற பதிலுக்கு. ஆனால் அப்படி முகத்தில் அடித்த மாதிரி யாரும் சொல்ல மாட்டார்கள், ‘வெல், ஆக்சுவலி’ என்று இழுப்பார்கள். அந்த இழுவை வந்தால் லிஸ்ட் வராது என்று வைத்துக்கொள்.

மைண்டுக்குப் பிறகு ‘செண்டிங்’ என்று ‘இங்’ போட்டு எழுதினாய் பார், அது சரி. நிறையப் பேர் ‘டு செண்ட்’ என்று எழுதுகிறார்கள்.

பெகு மில்லுக்காரர்:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? மில் கணக்கில் 30 வருடமாக ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’, வேண்டியதைச் செய்யுங்கள், என்று எழுதுகிறேன். அதனால் ஒரு மூட்டை அரிசியும் கப்பல் ஏறாமல் நின்றதில்லை. ப்ளீஸ் போட்டால் மரியாதை. முடிந்தது கதை.

மோல்மீன் டீச்சர் (ஓய்வு):

மில்லுக்காரரின் அரிசி கப்பல் ஏறியது அந்த வரியால் அல்ல, அரிசி நன்றாக இருந்ததால். என்ன ‘நீட்ஃபுல்’ என்று வாங்குகிறவர்களே ஊகித்துக்கொண்டார்கள். பழைய சர்க்கார் ஆபீஸ் பாஷை அது. கேட்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டு மரியாதையை மட்டும் அனுப்பும்.

தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அனுப்பு, அனுப்புங்க, அனுப்புங்களேன். முன்னால் ஒரு ‘கொஞ்சம்’ போட்டால் இன்னும் இளகும். பர்மிய மொழியிலும் கடைசியில் ‘பா’ ஒட்டினால் முகம் மலரும். ஆங்கிலத்தின் ‘செண்ட்’டுக்கு அந்த வாலே கிடையாது. குழந்தைக்கும் செண்ட்தான், கவர்னருக்கும் செண்ட்தான். அதோடு ப்ளீஸ் சேர்த்தால் பணிவான கட்டளை ஆகும், அவ்வளவுதான். நம்முடைய ‘ங்க’ பின்னால் நின்று செய்கிற வேலையை அங்கே குட், வுட் முன்னால் நின்று செய்கின்றன. ‘முடியுமா’ என்று மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, குட் என்றால் ‘ங்க’ என்று ஒரு வாரம் நினைத்துப் பார். பாதிக் குழப்பம் போய்விடும்.

இறந்தகாலம் என்று படித்ததும் பொய்யில்லை. ஆங்கிலத்தில் அந்த உருவத்துக்கு இன்னொரு வேலை உண்டு, ஒரு அடி தள்ளி நிற்பது. கூடத்துக்குள் நுழைந்து கேட்டால் கேன், வாசற்படியில் நின்று கேட்டால் குட். இது உனக்குப் புதிதும் அல்ல. ‘உள்ளே வரலாமா’ என்று பர்மியரிடம் கேட்கும்போது ‘வின்லோ யலா’ என்பாயா, ‘வின்லோ யமலா’ என்பாயா? நடுவில் ஒரு ‘ம’ வந்தால் இன்னும் நடக்காத காரியம் என்று ஆகிறது, குரலும் தானாகத் தணிகிறது. பர்மியர் நாளைக்குத் தள்ளிவைத்துக் கேட்கிறார், ஆங்கிலேயர் நேற்றுக்குத் தள்ளிவைத்துக் கேட்கிறார். இரண்டு பேருமே ‘இப்போதே, இங்கேயே’ என்பதில் இருந்து விலகி நிற்கிறார்கள். எதிரில் இருப்பவர் மறுக்க வேண்டுமானால் அதற்கு இடம் விட்டாயிற்று.

கேன், குட் இரண்டும் ‘உங்களுக்குத் தோதுப்படுமா’ என்று கேட்கின்றன. வில், வுட் இரண்டும் ‘செய்வீர்களா’ என்று மனசைக் கேட்கின்றன. மெயிலில் குட்டும் வுட்டும் ஏறக்குறைய ஒரே எடை, எதைப் போட்டாலும் குற்றமில்லை. ‘வில் யூ’ மட்டும் கொஞ்சம் பார்த்து. ‘வில் யூ சிட் டவுன்!’ என்று வகுப்பில் நான் சொன்னால் அது வேண்டுகோள் என்று ஒரு பிள்ளையும் நினைத்ததில்லை.

இன்னொன்று. இது உனக்குத் தேவையில்லை, என் ஆசைக்குச் சொல்கிறேன். குட் என்பதை எழுதும்போது நடுவில் சத்தமே போடாத ஒரு ‘எல்’ வருகிறதே, அது வந்தேறி. ஷல்லில் இருந்து ஷுட் வந்தது, வில்லில் இருந்து வுட் வந்தது, அவற்றுக்கு எல் சொந்தம். கேனில் ஏது எல்? அண்ணன் தம்பிகளைப் பார்த்து அதுவும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டது.

சிங்கப்பூர் ரிட்டர்ன்:

டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 6 வருடம் இருந்தேன். பேச்சில் அங்கே ‘கேன்’ ஒன்றை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தலாம். ‘கேன் ஆர் நாட்?’ என்றால் ‘கேன், கேன்’ என்று பதில் வரும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அதே ஆள் மெயில் எழுத உட்கார்ந்தால் குட், வுட் என்று மாறிவிடுவார். பேச்சில் சிரிப்பும் குரலும் கூட வருகின்றன, மெயிலில் எழுத்து மட்டும் தனியாகப் போகிறது.

நான் அடித்த கூத்து வேறு. வுட் மரியாதை என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பி, கூட வேலை செய்த ஒருவரிடம் ‘வுட் யூ லைக் டு கேரி திஸ் பாக்ஸ்?’ என்று கேட்டேன். ‘நோ, தேங்க்ஸ்’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். ‘வுட் யூ லைக்’ என்பது காபி வேண்டுமா என்று உபசரிக்கிற வார்த்தையாம். 20 கிலோ பெட்டியைத் தட்டில் வைத்து உபசரித்திருக்கிறேன்.

ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. இங்கே தேநீர்க்கடையில் முத்தம் கொடுப்பது போல வாயால் சத்தம் போட்டுப் பையனைக் கூப்பிடுகிறோம், அவனும் சிரித்துக்கொண்டே வருகிறான். பழக்கதோஷத்தில் அங்கே ஒரு காபிக்கடையில் அப்படிக் கூப்பிட்டேன். மீதியை எழுத மாட்டேன்.

கிளியரிங் ஆபீஸ் பெண், ரங்கூன்:

எல்லோருக்கும் நன்றி. கரண்டு இப்போதுதான் வந்தது, அதான் தாமதம்.

டீச்சர், ‘ங்க’ விஷயம் மண்டையில் ஏறிவிட்டது. இன்றைக்கு ஒரு பழைய பில் ஆஃப் லேடிங்கின் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) நகல் கேட்க வேண்டும். அவர்கள் கிடங்கில் தேடித்தான் எடுக்கணும், கேட்கவே ஆனாதெயாக, தொந்தரவு கொடுக்கிறோமே என்று பர்மியர் சொல்கிற அந்தக் கூச்சமாக, இருக்கிறது. இப்படி எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா? ‘மே யூ ப்ளீஸ் செண்ட் த ஓல்டு பில் ஆஃப் லேடிங்?’ மே தான் இருப்பதிலேயே பெரிய மரியாதை என்று கேள்விப்பட்டேன்.

இன்னொரு சந்தேகம். அந்தச் சிங்கப்பூர் அம்மா ஒரு மெயிலின் கடைசியில் எனக்கு ‘யூ மஸ்ட் கம் அண்ட் விசிட் அஸ்’ என்று எழுதியிருக்கிறார். நான் மஸ்ட் போட்டால் கோபம், அவர் போட்டால் சரியா?

மோல்மீன் டீச்சர் (ஓய்வு):

நல்ல வேளை, அனுப்பும் முன் கேட்டாய். ‘மே யூ’ என்று ஆரம்பித்தால் அது ஆசீர்வாதம். ‘மே யூ லிவ் லாங்’, நீ நீடூழி வாழ்க. உன் மெயிலைப் படிப்பவர் தலைக்கு மேல் அட்சதை விழும், பில் ஆஃப் லேடிங் வராது. மே என்பதை ‘ஐ’, ‘வீ’ இரண்டோடு மட்டும் வைத்துக்கொள். ‘மே ஐ கால் யூ டுமாரோ?’ என்றால் நாளைக்கு அழைக்கலாமா. நீ செய்ய அனுமதி கேட்பதற்கு அது, அவரைச் செய்யச் சொல்வதற்கு அல்ல. தமிழிலேயே கோடு இருக்கிறது: ‘அழைக்கலாமா’ மே, ‘அழைக்கட்டுமா’ ஷல் ஐ, ‘அழைப்பீர்களா’ வுட் யூ.

1960களில் பள்ளிக்கூடங்கள் அரசுடைமை ஆவதற்கு முன் நான் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே ‘கேன் ஐ கோ அவுட்’ என்று கேட்டால் சிஸ்டர் ‘கால் இருக்கிறதே, முடியும்’ என்று சொல்லிவிட்டு உட்கார வைத்துவிடுவார். ‘மே ஐ’ என்று திருத்திக் கேட்ட பிறகுதான் வெளியே விடுவார். அந்தக் கண்டிப்பை இப்போது யாரும் பார்ப்பதில்லை, ‘கேன் ஐ’ எல்லா இடத்திலும் நடக்கிறது. நான் மட்டும் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனாதெ என்றாயே, அதுதான் சரியான அளவுகோல். சின்ன வேலைக்கு ‘குட் யூ’ போதும். கிடங்கில் தேட வேண்டிய வேலை என்றால் ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் செண்ட்’ என்று நீட்டு. ‘வாஸ்’, ‘குட்’ என்று இரண்டு அடி தள்ளி நிற்கிறாய், பார். ஆனாதெ எவ்வளவோ வாக்கியம் அவ்வளவு நீளம். உப்பு கேட்பதற்கு இதை எடுத்துவராதே, கிண்டல் செய்கிறாய் என்று நினைப்பார்கள்.

தட்டோன்காரன்:

மஸ்டுக்கு நான் சொல்கிறேன். உன் அம்மா விருந்தாளியிடம் ‘சாப்பிட்டுத்தான் போகணும்’ என்று சொல்வதில்லையா? அது கட்டளை மாதிரி இருந்தாலும் யாரும் கோபிப்பதில்லை. அதே ‘ணும்’ போட்டு ‘நீங்கள் பாத்திரம் கழுவணும்’ என்று சொல்லிப் பார். காரியம் யாருக்கு லாபம் என்பதில் இருக்கிறது. கேட்கிறவருக்கு நல்லது என்றால் மஸ்ட் பாசம். உனக்கு நல்லது என்றால் மஸ்ட் அதிகாரம். அந்த அம்மா உன்னை வீட்டுக்கு அழைக்கிறார், நீ லிஸ்ட் கேட்கிறாய்.

பெகு மில்லுக்காரர்:

இது நன்றாக இருக்கிறது. நானும் நாளைக்கு ஒரு ‘குட் யூ’ போட்டுப் பார்க்கிறேன். ப்ளீஸை எங்கே வைப்பது, அதை மட்டும் சொல்லுங்கள் டீச்சர். அதை விட மனசு வரவில்லை.

மோல்மீன் டீச்சர் (ஓய்வு):

‘குட் யூ ப்ளீஸ் செண்ட்’ என்று நடுவில் வையுங்கள் ஐயா. ஒன்று போதும்.

கிளியரிங் ஆபீஸ் பெண், ரங்கூன்:

வந்துவிட்டது! ‘ஐ வாஸ் வொண்டரிங்’ போட்டு எழுதினேன், அரை நாளில் நகல் வந்தது, ‘நோ ப்ராப்ளம் அட் ஆல்’ என்ற வரியோடு. இந்த முறை அந்த ‘அட் ஆல்’லைப் பார்த்து சயாவிடம் ஓடவில்லை.

கடைசியாக ஒன்று. அதே மெயிலில் அவர்கள் ‘குட் யூ கன்ஃபர்ம் த வெயிட்?’ என்று கேட்டார்கள். நான் ‘யெஸ், ஐ குட்’ என்று பதில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ‘சோ?’ என்று எழுதுகிறார்கள்.

சிங்கப்பூர் ரிட்டர்ன்:

‘செய்யலாம்தான், ஆனால்...’ என்று நீ இழுத்த மாதிரி இருக்கும் அவர்களுக்கு. கேள்வியில்தான் குட், பதிலில் தள்ளி நிற்கக் கூடாது. ‘யெஸ், ஐ கேன்’ அல்லது ‘ஷ்யூர்’. அதற்கும் மேலாக, எடையை எழுதி அனுப்பு தங்கச்சி, காத்திருக்கிறார்கள்.

கிளியரிங் ஆபீஸ் பெண், ரங்கூன்:

அனுப்பிவிட்டேன் அண்ணா. 18,240 கிலோ.