செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட், ஏற்கெனவே மாடிஃபை செய்தது: ட்யூனிங்குக்கு 42,000 கொடுக்கலாமா?

வெள்ளை ஸ்விஃப்ட், மேடவாக்கம்:

வணக்கம். பிப்ரவரியில் ஒரு 2013 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வாங்கினேன். 1.2 பெட்ரோல், மீட்டரில் 81,000. விற்றவன் ஒரு காலேஜ் பையன். ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்கள்), ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், பானெட்டுக்குள் பெட்டி இல்லாத ஓபன் ஏர் ஃபில்டர், 15 இன்ச் அலாய் என்று கைச்செலவை எல்லாம் வண்டியில் கொட்டியிருக்கிறான். எங்கே போட்டான், யார் போட்டது என்பதற்கு ஒரு பில்கூடக் கிடையாது. சத்தத்தைக் கேட்டு மயங்கி வாங்கியது என் தப்புதான், அதற்குத் திட்ட வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

இப்போது பிரச்சினை. நாவலூர் ஆபீஸ் போய்வர மைலேஜ் 9 கொடுக்கிறது. டேங்க் ஃபுல் செய்து இரண்டு தடவை கணக்குப் போட்டேன், அதே 9. சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை உள்ளே வருகிறது. 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவையே இல்லை. சைலன்சர் வாயில் விரலை வைத்துத் துடைத்தால் கண்மை மாதிரி வருகிறது. டேஷ்போர்டில் எந்த வார்னிங் லைட்டும் இல்லை. சாவியைத் திருப்பும்போதுகூட செக் இன்ஜின் எரிவதில்லை, அதனால் பெரிய கோளாறு இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு ட்யூனரிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்தவர், "பார்ட்ஸ் மாற்றிவிட்டு மேப் மாற்றவில்லை, அதுதான்" என்றார். மேப் என்றால் எப்போது எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் அட்டவணையாம். பிக்கிபேக் என்ற துணைக் கம்ப்யூட்டரைப் போட்டு, உருளைமேல் ஓட்டிப் பவரை அளக்கும் டைனோவில் ஏற்றி மேப் எழுத 42,000. 15 ஹெச்பி ஏறும், மைலேஜும் திரும்பும் என்கிறார். கொடுக்கலாமா?

ரெட்லைன் ராஜா:

கண்ணை மூடிக்கொண்டு போடுங்க ப்ரோ. ஹெடர் போட்டுவிட்டு மேப் எழுதாமல் ஓட்டுவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி. என் போலோவுக்கு ரீமேப் செய்தேன், வேறு வண்டியே ஆகிவிட்டது.

கார்பரேட்டர் காலத்து ஆள், ராயப்பேட்டை:

ராஜா தம்பி, உங்கள் போலோவில் டர்போ இருக்கிறது. அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பூஸ்டைக் கொஞ்சம் ஏற்றினால் வண்டி பறக்கும். ஸ்விஃப்டில் என்னத்தை ஏற்றுவது? கம்பெனி கொடுத்ததே 87 பிஎஸ் (ஏறக்குறைய ஹெச்பிதான்). ஹெடரையும் சைலன்சரையும் வைத்துக்கொண்டு அதில் 15 ஏறும் என்பவர் எழுதிக் கொடுத்தால் நானும் என் வண்டியைக் கொண்டுவருகிறேன்.

மேடவாக்கம் தம்பி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றில்தான் விஷயம் இருக்கிறது. சாவியை ஆன் செய்தால், இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்வரை செக் இன்ஜின் விளக்கு எரிந்தே தீர வேண்டும். எரியவில்லை என்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை, யாரோ விளக்கின் வாயை மூடியிருக்கிறார்கள்.

இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, போனில் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்பதைப் பாருங்கள். இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதுதான் அது. பூஜ்யத்தை ஒட்டி, ஐந்து கூடக்குறைய இருந்தால் நல்லது. பிளஸ்ஸில் 15, 20 என்று காட்டினால், காற்று அதிகம் என்று இசியு நம்பிக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகிறது.

எனக்கு ஹெடர் மேல்தான் சந்தேகம். அது இன்ஜின் ஹெட்டில் உட்காரும் இடத்தில் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் போயிருந்தால் புகை வெளியே வருவதோடு நிற்காது. புகை விட்டுவிட்டுத் துடிப்பதால் இடைவெளியில் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். அடுத்து இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். இசியு பாவம், அது சென்சாரை நம்பித்தானே பிழைக்கிறது? மைலேஜ், வாடை, கண்மை மூன்றுக்கும் இதிலேயே கணக்கு வந்துவிடுகிறது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானெட்டைத் திறந்துவைத்துக் கேளுங்கள். தையல் மிஷின் மாதிரி டிக் டிக் என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் சூடு ஏறியதும் அடங்கினால் லீக்தான். இரும்பு விரிந்து ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். வால்வ் சத்தமும் கொஞ்சம் இப்படி இருக்கும், அதனால் ஹெடர் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். கையை வைக்காதீர்கள்.

இந்த நிலையில் டைனோவில் ஏற்றி மேப் எழுதினால், ஓட்டைக்குத்தான் மேப் எழுதுவார்கள். பிறகு ஓட்டையை அடைத்தால் மேப் தப்பாகிவிடும். ராஜா சொல்வதிலும் நியாயம் உண்டு: ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும் ஃபுல் த்ராட்டிலில் இசியு சென்சாரைப் பார்க்காமல் தன் டேபிளைப் பார்த்து ஊற்றும், அங்கே நல்ல மேப் வேலை செய்யும். ஆனால் நீங்கள் ஆபீஸ் போகும் ஓஎம்ஆர் ரோட்டில் ஃபுல் த்ராட்டில் எங்கே போகப் போகிறீர்கள்? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், அது வேறு பேச்சு.

ஓபன் ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். மே மாத டிராஃபிக்கில் அது ரேடியேட்டரின் வெந்த காற்றைத்தான் உறிஞ்சுகிறது.

பாலிசி பார்த்தவன்:

சார், இன்னொன்று. ஹெடர் போட்டபோது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் போயிருக்க வாய்ப்புண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-யில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 அபராதம், ஆறு மாதம்வரை சிறைக்கும் இடமிருக்கிறது. மாற்றங்களை இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்காமல் இருந்தால் க்ளெய்ம் நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். 2028-ல் வண்டிக்கு 15 வருடம் முடிகிறது. ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓவில் நிறுத்த வேண்டும். 42,000 செலவழிப்பதற்கு முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

வெள்ளை ஸ்விஃப்ட், மேடவாக்கம்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஸ்கேனரில் ட்ரிம் பிளஸ் 19. ஞாயிறு காலை ஆறு மணிக்கு பானெட்டைத் திறந்து கேட்டேன்: டிக் டிக் டிக். மாடி வீட்டு அங்கிள் பால்கனியிலிருந்து "என்னப்பா, தையல் கடையா?" என்றார். ராயப்பேட்டை அண்ணா, நீங்கள் எழுதியதை அவருக்குக் காட்டியிருந்தால்கூட அவ்வளவு பொருத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். ஹெடரைக் கழற்றினால் அதைப் பிடிக்கும் ஒரு ஸ்டட் (மரையாணி) ஹெட்டுக்குள்ளேயே முறிந்து கிடக்கிறது, கேஸ்கெட் ஒரு ஓரத்தில் கரிந்து பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. முறிந்ததை எடுத்துப் புது ஸ்டட், கேஸ்கெட், லேபர் எல்லாம் சேர்த்து 3,100 ஆயிற்று. இப்போது ட்ரிம் 4. நேற்றைய கணக்கில் மைலேஜ் 12.6. வாடை நின்றுவிட்டது, மனைவி முன் சீட்டில் மூக்கைப் பொத்தாமல் உட்காருகிறாள்.

செக் இன்ஜின் விளக்குக்கு மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தான், படவா. டேப்பைப் பிரித்ததும் ஜம்மென்று எரிகிறது. ஸ்கேனரில் கோட் பி0420, அதாவது கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. கன்வர்ட்டர் இல்லவே இல்லை என்பது கிட்டத்தட்ட உறுதி.

ட்யூனருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹெடருக்குப் பதிலாக கம்பெனி மேனிஃபோல்டைக் கன்வர்ட்டரோடு தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு கடையில் கேட்டேன், உள்ளிருக்கும் தேன்கூட்டை உருவிவிட்ட வெறும் கூடுதான் காட்டினார்கள். யாரிடமாவது ஒழுங்கானது இருந்தால் சொல்லுங்கள். பழைய ஏர் ஃபில்டர் பாக்ஸும் வேண்டும். பதிலுக்கு ஒரு ஓபன் ஃபில்டர் சும்மாவே தருகிறேன்.

ரெட்லைன் ராஜா:

ஃபில்டர் எனக்கு ப்ரோ.