பெங்களூரு நெரிசலில் ரீமேப் செய்த போலோ டிஎஸ்ஐ: அன்றாட ஓட்டத்துக்கு ஒத்துவருமா?

தோப்பூர்_கணவாய்:

வணக்கம். 2021இல் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல் வண்டி வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் நான்கு ஆண்டு வாரண்டி முடிந்துவிட்டதால், வெகுநாளாக மனத்தில் இருந்த ஸ்டேஜ் ஒன் ரீமேப்பை (பாகங்களை மாற்றாமல், எஞ்சின் மென்பொருளை மட்டும் மாற்றித் திறனைக் கூட்டுவது) இப்போது செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன். நிறுவனக் கணக்குப்படி எஞ்சினின் திறன் 110 பிஎஸ் (குதிரைத்திறன்), முறுக்குவிசை 175 நியூட்டன் மீட்டர். விசாரித்த இடங்களில் 130 பிஎஸ்ஸுக்கு மேலும், 220 நியூட்டன் மீட்டரை ஒட்டியும் கிடைக்கும் என்கிறார்கள்.

வார நாள்களில் மாரத்தஹள்ளியிலிருந்து வெளிவட்டச் சாலை வழியாக சில்க் போர்டு வரை ஊர்ந்து போவதும், அவ்வப்போது ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலத்துக்குப் போய் வருவதும்தான் என் ஓட்டம். இணையத்தில் காணக்கிடைக்கும் காணொலிகள் எல்லாம் ரீமேப் செய்த முதல் நாள் பூரிப்போடு முடிந்துவிடுகின்றன. எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது: கிளட்ச் என்ன ஆகிறது, எந்தப் பெட்ரோல் போட வேண்டியிருக்கிறது, சர்வீஸ் சென்டரில் என்ன சொல்கிறார்கள்? என் மனைவியும் இதே வண்டியைத்தான் ஓட்டுகிறார் என்பதால், நெரிசலில் வண்டி துள்ளுமா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கெங்கேரி_வாசி:

இதே எஞ்சின், இதே கியர்பெட்டி. ரீமேப் செய்து ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். துள்ளல் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலரேட்டர் மிதியின் கணக்கை மாற்றாமல் விடச் சொன்னால், முதல் இரண்டு கியரில் நெரிசலுக்குள் போகும்போது உங்கள் மனைவிக்கு வித்தியாசமே தெரியாது. சில கடைக்காரர்கள் வண்டிக்கு வேகம் வந்ததுபோன்ற தோற்றம் கொடுப்பதற்காக, மிதியைத் தொட்டவுடனே காற்றுக் கதவு பாதி திறக்கும்படி எழுதிவிடுகிறார்கள். சில்க் போர்டில் தலைவலி கொடுப்பது அதுதான், எஞ்சினின் கூடுதல் திறன் அல்ல.

பலன் தெரியும் இடம் நெடுஞ்சாலை. சூளகிரி ஏற்றத்தில் லாரிகளைக் கடக்கும்போது, முன்பு ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்கோ மூன்றுக்கோ இறக்க வேண்டிய இடங்களில் இப்போது இறக்காமலே போய்விட முடிகிறது. ஆனால் இந்த வசதியேதான் கிளட்ச்சைத் தின்பதும். ஆறாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதியைத் தரையோடு அழுத்தினால், எஞ்சின் சுழற்சி ஏறியும் வண்டி வேகம் ஏறாத ஒரு நொடி வரும். அதை உணர்ந்துவிட்டால் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். நான் கியரை இறக்கியே முந்துகிறேன், பழைய கிளட்ச்சே இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

பெட்ரோலைப் பொறுத்தவரை, மென்மையாக ஓட்டினால் மைலேஜ் பெரிதாக மாறாது. ஆனால் கையில் இருக்கும் திறனைப் பயன்படுத்தாமல் எத்தனை பேர் ஓட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் முன்சக்கரங்கள் பிடிமானமின்றிச் சுழல்வது கூடும் என்பதால், தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம். சர்வீஸுக்கு விடும்போது, மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள், புதுப்பித்தால் காசு கொடுத்துப் போட்டது அழிந்துவிடும். நிறுவனத்தின் சோதனைக் கருவி மாற்றத்தைக் கண்டுபிடித்தால், டிடி1 என்ற குறியீடு வண்டியின் பதிவில் ஏறிவிடும். வாரண்டி முடிந்த வண்டிக்கு அது பெரிய பொருட்டில்லை, ஆனாலும் விற்கும்போது வாங்குபவர் கேட்கக்கூடும்.

அளவுத்திருத்தம்:

எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளை அளவுத்திருத்தம் செய்வதே என் தொழில் என்பதால், சற்று விரிவாக எழுதுகிறேன். இக்கால இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), நீங்கள் மிதியை அழுத்தும்போது காற்றுக் கதவை நேரடியாகத் திறப்பதில்லை. ஓட்டுநர் எவ்வளவு முறுக்குவிசை கேட்கிறார் என்று முதலில் கணக்கிட்டு, அதைக் கியர்பெட்டி, வெப்பநிலை, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் வேகம் முதலிய பல வரம்புகளோடு ஒப்பிட்டு, எஞ்சியதை மட்டுமே டர்போ அழுத்தமாகவும் எரிபொருளாகவும் தீப்பொறி நேரமாகவும் மாற்றுகிறது. ரீமேப் என்பது பெரும்பாலும் அந்த வரம்புகளைத் தளர்த்துவதே. ஆகவே எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதைவிட, எந்த வரம்பை, எந்தச் சுழற்சியில், எவ்வளவு தளர்த்துகிறார்கள் என்பதையே நீங்கள் கேட்க வேண்டும்.

விளம்பரத்துக்கு உதவும் எண் குதிரைத்திறன்; வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது தாழ்சுழற்சி முறுக்குவிசை. உங்கள் கியர்பெட்டியின் பெயரான எம்க்யூ200இல் உள்ள எண், அதன் பெயரளவு முறுக்குவிசைத் தாங்குதிறனைக் குறிப்பது. இதே எஞ்சின் குடும்பத்தை ஐரோப்பாவில் 115 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர் அளவில் அந்த நிறுவனமே விற்றிருக்கிறது. எனவே 200 வரை போவதில் எனக்கு அச்சமில்லை. அதற்கு மேல், அதுவும் நிமிடத்துக்கு 1,700 சுழற்சியிலேயே 220ஐக் கொண்டுவந்து நிறுத்தும் ரீமேப் கோப்பை நான் என் வண்டியில் ஏற்ற மாட்டேன். மேல்சுழற்சியில் 130 பிஎஸ் வந்தால் வரட்டும், அதனால் கிளட்ச்சுக்கும் கியருக்கும் பெரிய சுமை கூடாது.

தாழ்சுழற்சியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரடி எரிபொருள் தெளிப்பு கொண்ட சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் அதிகப் பளு விழும்போது, எண்ணெய்த் துளியோ படிவோ காரணமாகத் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது உண்டு. எரிபொருள் முறைதவறி எரியும் ‘நாக்கிங்’ அதிர்வை உணரும் நாக் சென்சார், தீப்பொறியைத் தாமதப்படுத்தி இதைத் தடுக்க முடியாது, ஏனெனில் தீப்பொறி வருமுன்பே காரியம் முடிந்துவிடுகிறது. கடுமையாக நிகழ்ந்தால் பிஸ்டனின் வளையப் பகுதியே உடையக்கூடும். எண்ணெயில் உள்ள கால்சியம் சேர்க்கைகளுக்கு இதில் பங்கு உண்டு என்று தெரிந்த பிறகுதான் 2018இல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி ஆகிய எண்ணெய்த் தரங்கள் இதற்கான சோதனையோடு வந்தன. கையேட்டில் உள்ள நிறுவன ஒப்புதல் எண்ணும் எஸ்பி தரமும் சேர்ந்து அமைந்த எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். உயர்கியரில் மெதுவாகப் போகும்போது மிதியை முழுதாக அழுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பெங்களூருக்கு என்றே ஒரு செய்தி. ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே அழுத்தத்தை எஞ்சினுக்குக் கொடுக்க டர்போ கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். சென்னையிலோ மும்பையிலோ சரிபார்த்த கோப்பை அப்படியே இங்கே ஏற்றினால், அங்கே இருந்த பாதுகாப்பு இடைவெளி இங்கே இருக்காது. உயரத்துக்கு ஏற்ப டர்போவைக் கட்டுப்படுத்தும் அட்டவணையைத் தொடாமல் விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடை உங்களுக்கு வேண்டாம்.

எரிபொருள் பற்றியும் ஒரு வார்த்தை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு நம் நாட்டின் தர அளவு 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) என்பதால், முந்தைய 91ஐ நினைத்துப் பயந்தவர்கள் சற்று நிம்மதி அடையலாம். எத்தனால் ஆவியாகும்போது கலவையைக் குளிரவைக்கும், நாக்கிங்கையும் குறைக்கும். ஆனால் லிட்டருக்கு அதன் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இஞ்செக்டர்கள் அதிக எரிபொருளைத் தெளித்தாக வேண்டும்.

ஜெயநகர்_4வது_பிளாக்:

இயந்திரம் பற்றி மேலே நிறையப் பேசிவிட்டார்கள். சட்டத்தை ஒருவரும் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். புகைச் சோதனை, வண்டி நின்ற நிலையில் நடப்பதால் ரீமேப்பைக் கண்டுபிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் கண்டுபிடிக்கப்படாதது சட்டப்படி சரியாகிவிடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது காப்பீடு. மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டு, பெரிய விபத்துக்குப் பிறகு ஆய்வாளர் மென்பொருளைத் தோண்டினால், உங்கள் வண்டிக்கான இழப்பீடு வழக்கில் போய் நிற்கும். எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

தோப்பூர்_கணவாய்:

அனைவருக்கும் நன்றி. காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டேன். விசாரித்த கடைகளில் ஒன்று, ஓட்டிப் பார்த்துத் தரவு பதிவதெல்லாம் தேவையில்லை, சோதிக்கப்பட்ட கோப்பு தயாராக இருக்கிறது, அரை மணி நேரத்தில் ஏற்றித் தருகிறோம் என்றார்கள். இன்னொன்று, இசியூவைத் தொடாமல் சென்சார் கம்பியில் செருகும் பெட்டியைப் பரிந்துரைத்தது. இவற்றில் எது குறைந்த ஆபத்து?

அளவுத்திருத்தம்:

பெட்டி வேண்டாம். அது சென்சார் அளக்கும் டர்போ அழுத்தத்தைக் குறைவாகச் சொல்லி இசியூவை ஏமாற்றுகிறது. தன் கையில் இருப்பது பொய்யான அளவு என்று அறியாமலே இசியூ எல்லாப் பாதுகாப்பு முடிவுகளையும் எடுக்கிறது. கழற்றிவிடலாம் என்பது மட்டுமே அதன் நன்மை.

தரவு பதியாத கடையும் வேண்டாம். மாற்றுவதற்கு முன் ஒரு முறையும், மாற்றிய பின் ஒரு முறையும், மூன்றாவது கியரில் 2,000 முதல் 6,000 சுழற்சி வரை முழு மிதியில் பதிவெடுக்கச் சொல்லுங்கள், அதுவும் போக்குவரத்தற்ற பாதுகாப்பான இடத்திலோ, வண்டியை உருளைமேல் நிறுத்திச் சோதிக்கும் டைனோவிலோ. கேட்ட டர்போ அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒட்டிப்போகின்றனவா, ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பொறி எவ்வளவு தாமதப்படுத்தப்படுகிறது, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, எரிபொருள் அழுத்தம் சரியாமல் நிற்கிறதா என்ற நான்கையும் பாருங்கள். ஒரே சிலிண்டரில் மட்டும் தாமதம் தொடர்ந்து கூடினால், முதலில் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பார்க்க வேண்டும், அதுவரை புதிய கோப்பை ஏற்றக் கூடாது. பழைய கோப்பின் நகலைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.