ஐசியுவிலிருந்து வந்தும் அப்பாவுக்குப் பயம் விடவில்லை

மதுரைப்பொண்ணு:
அப்பாவுக்கு 62 வயது. நிமோனியா முற்றி, வென்டிலேட்டரில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். இப்போது மூச்சு நன்றாக இருக்கிறது, சாப்பாடும் பரவாயில்லை. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் 'பீப்' என்றால் போதும், எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே "கட்டாதீங்கம்மா" என்கிறார். சிஸ்டர்கள் ராத்திரியில் தன்னைக் கப்பலில் ஏற்றியதாகச் சத்தியம் செய்கிறார். "அதெல்லாம் கனவுப்பா" என்றால் கோபம் வருகிறது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று அம்மா அழுகிறார். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

திண்டுக்கல்காரன்:
எனக்கு ஆகியிருக்கிறது தங்கச்சி. நீலச் சட்டைக்காரர் ஒருவர் என் கட்டிலுக்கு அடியில் குழி தோண்டுவதைக் கண்ணால் பார்த்தேன். என் கல்யாணம்கூட அவ்வளவு தெளிவாக ஞாபகம் இல்லை! அதனால் "கனவு" என்று தள்ளாதீர்கள். "கப்பலில் எப்படி இருந்ததுப்பா?" என்று கேட்டு முழுசாகப் பேச விடுங்கள். அப்புறம் நிஜமாக நடந்ததை நாள்வாரியாகச் சொல்லுங்கள். என் மனைவி தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள்: "இன்று டயாலிசிஸுக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் ஆடியது." அதைப் படித்த பிறகுதான் எனக்குப் பாதி விளங்கியது. டென்மார்க், நார்வே பக்கம் நர்ஸுகளே நோயாளிக்காக இப்படி டைரி எழுதுகிறார்கள். நம் ஊரிலும் வர வேண்டும்.

ஐசியு_சிஸ்டர்:
அக்கா, இது பைத்தியம் இல்லை, அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு இந்த மனக்குழப்பம் நிறைய வரும். டெலிரியம் என்போம். கிருமித் தொற்று, மிடசோலம் மாதிரித் தூக்க மருந்து, ராத்திரியும் எரியும் விளக்கு எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடும். டியூபைப் பிடுங்கிவிடாமல் இருக்கத்தான் கையைக் கட்டுவார்கள். அந்த நிலையில் அது அவருக்குப் புரிந்திருக்காது. வீட்டுக்கு வந்த பிறகும் தொடரும் பயம், மறதி, உடல் தளர்ச்சிக்கு 2012-லேயே மருத்துவர்கள் தனிப் பெயர் கொடுத்துவிட்டார்கள். குடும்பத்தாருக்கும் இது வரும் என்று அதிலேயே இருக்கிறது, அம்மாவையும் கவனியுங்கள்.

பகலில் வெயில் படும் இடத்தில் உட்கார வையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். ஆனால் காய்ச்சலோடு திடீரென்று உளறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மதுரைப்பொண்ணு:
ரொம்ப நன்றி. அப்பாவே "அந்த ரூமைப் பார்க்கணும்" என்கிறார். கூட்டிப் போகலாமா?

திண்டுக்கல்காரன்:
அவரே கேட்டால் தாராளமாகப் போகலாம். நான் போனபோதுதான் அந்த நீலச் சட்டைக்காரர் ஜன்னல் திரை என்று தெரிந்தது. முதலில் போனில் அனுமதி கேளுங்கள். வாசலிலேயே "போதும்" என்றால் வற்புறுத்தாமல் திரும்பிவிடுங்கள், இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.