தெருவைவிடத் தாழ்ந்துபோன முன்னறைச் சுவருக்கு எந்தப் பூச்சு?

கேள்வி: கீழக்கரை வீட்டுக்காரர்

கீழக்கரையில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, என் வாப்பாவின் தந்தை கட்டிய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். சுவர்கள் முருகைக்கல்லும் (கடலில் எடுத்த பவளக்கல்) சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. கனம் இரண்டடிக்குக் குறையாது. தெருவில் சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுக்கொண்டு வந்ததால், ஒருகாலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த முன்னறைக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். தெருவை ஒட்டிய சுவரின் அடிப்பகுதி ஒன்றரை அடி உயரத்துக்கு மண்ணுக்குள் கிடக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தியெடுத்துவிட்டுச் சிமெண்டு பூசிப் பட்டி பார்த்தோம். இரண்டு ஐப்பசி மழைக்குள் உப்புப் பொரிந்து, பூச்சு பலகை பலகையாக விழுந்துவிட்டது. இப்போது ஒருவர் நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார்; இன்னொருவர் நீர்க்காப்பு ரசாயனம் கலந்து மறுபடி சிமெண்டு பூசலாம் என்கிறார்; மூன்றாமவர் பிவிசி பலகை அடித்து மறைத்துவிடலாம் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், இராமநாதபுரம்

ஐயா, மூவரும் சுவரின் முகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தண்ணீர் வரும் வழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு முழம் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஓதம், அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரம்.

ஓதமாக இருந்தால், உங்கள் சிமெண்டுப் பூச்சு விழுந்ததற்கான காரணம் தெளிவு. மண்ணிலுள்ள உவர்நீரை முருகைக்கல் திரியைப்போல உறிஞ்சுகிறது. பழைய காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்டு அதை அடைத்ததால், பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகத் திரண்டு பூச்சைத் தள்ளிவிட்டது. போதாததற்கு, சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும், குறைந்தால் மறுபடி உறையும். நம் கடற்கரைக் காற்றில் இது ஓயாமல் நடப்பதால்தான் மழையே இல்லாத மாதத்திலும் விடியற்காலையில் சுவர் வியர்த்து நிற்கிறது.

ஆகவே முதல் செலவு வெளிப்புறத்தில் இருக்கட்டும். நகராட்சியின் அனுமதியோடு, சுவரை ஒட்டி நாலடி நாலடியாகப் பள்ளம் எடுத்து, தடித்த பாலித்தீன் விரிப்பைச் சுவரோடு நிறுத்தி, உடைகல் நிரப்பி, நடுவே துளைக்குழாய் வைத்து முற்றத்திலுள்ள ஒரு தொட்டிக்கு நீரைக் கொண்டுவாருங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு விரற்கடைகூடத் தோண்டக் கூடாது. முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்கவும் கூடாது. பழைய சுவர்கள் சாய்ந்த கதைகள் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன.

மறுமொழி 2: மண்டபம் கொத்தனார் மகன்

பொறியாளர் ஐயா சொன்னதோடு உட்புறத்துக்கு என் யோசனை சுண்ணாம்புதான். ஓதம் ஏறியிருக்கும் கோட்டுக்கு மேலும் ஓர் அடிவரை சிமெண்டை முழுவதும் எடுத்துவிடுங்கள். கற்களுக்கு இடையிலுள்ள ஈறுகளை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, வெளிவந்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி கல்லுக்குள்ளேயே போய்விடும்.

ஊறவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, அந்த மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சலித்த செங்கல் தூள். செங்கல் தூள் இல்லாத சுண்ணாம்பு ஈரமான இடத்தில் எளிதில் இறுகாது. ஒவ்வொரு பூச்சும் அரை அங்குலத்துக்கு மேற்படாமல், முதல் பூச்சு இறுகிய பிறகே இரண்டாவது பூச வேண்டும். தை பிறந்த பின் தொடங்குங்கள். வெயிலில் காயாதபடி ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள். கடற்கரை மணலும் ஆழ்குழாய் உவர்நீரும் கலவைக்கு ஆகவே ஆகா. காவிரிக் குடிநீர் வரும் நாளில் பிடித்துவைத்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் போதும். எமல்ஷன் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

கல் சிதைந்த இடங்களுக்குப் புதிய முருகைக்கல் தேட வேண்டாம். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா; 2001 முதல் பவளப் பாறைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நன்கு சுட்ட செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்து அடைத்தால் போதும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை: சுவரில் ஏற்கெனவே ஏறிய உப்பு ஒரே பூச்சோடு தீராது. முதல் சுண்ணாம்புப் பூச்சு சில ஆண்டுகளில் உப்பைக் குடித்துவிட்டு உதிரலாம். அதைத் தோல்வியாக எண்ணாமல், எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

மறுமொழி 3: தொண்டியிலிருந்து

எங்கள் வீட்டில் நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டினோம். டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓதம் அதன் முதுகில் ஏறி, ஐந்தாவது அடியில் தலைகாட்டிவிட்டது. துடைக்கும்படியான முகம்தான் வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தினால், கடப்பாக்கல் பலகையைச் சுவரில் ஒட்டாமல் ஓர் அங்குல இடைவெளி விட்டுக் கொக்கியில் நிறுத்தி, மேலும் கீழும் காற்றுப் போக விடுங்கள். பிவிசி பலகையைப் பற்றி ஒரு சொல்: அதைக் கழற்றியபோது வந்த நாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கீழக்கரை வீட்டுக்காரர்

தாளை ஒட்டிப் பார்த்தேன். தெருச்சுவரில் சுவர்ப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, அறைப்பக்கம் உலர்ந்திருந்தது. வெளிப்பள்ளத்துக்கு நகராட்சியில் மனுக் கொடுத்துவிட்டேன். உட்பூச்சை அடுத்த தைக்குத் தள்ளிவைத்து, அதுவரை கொத்திய சுவரைத் திறந்தே உலர விடுவதாக முடிவு. சுவரிலுள்ள மின்பெட்டிகளை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

ஓதக் கோட்டுக்குக் கீழே இருப்பவற்றையெல்லாம் பூச்சுக்கு முன்பே எடுத்து, ஐந்தடிக்கு மேல் மாற்றிவிடுங்கள். கம்பிக் குழாயைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே ஓடவிடுங்கள். கம்பிக்காகச் சுவரில் வெட்டிய பழைய காடிகளையும் சிமெண்டால் அல்ல, சுண்ணாம்புச் சாந்தாலேயே அடையுங்கள்.