ஸ்டாம்பா, புரூஃபா? மாமாவின் ஆல்பத்தில் 5 சென்ட் ஃபிராங்க்ளின்

கீழக்கரை வாசகர்:
பினாங்கில் கடை வைத்திருந்த மாமாவின் ஸ்டாம்ப் ஆல்பம் ஓலைப்பெட்டியில் கிடைத்தது. கடல் காற்றில் பாதி ஸ்டாம்புகள் பசை இளகித் தாளோடு ஒட்டிவிட்டன. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் படம் போட்ட பழுப்பு நிற அமெரிக்க 5 சென்ட் மட்டும் சுலபமாக வந்தது. பசை இல்லை, முத்திரை இல்லை, ஓரத்தில் துளை இல்லை, தாள் அட்டை போலக் கெட்டி. 1847-இன் முதல் ஸ்டாம்ப், நல்ல விலை போகும் என்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா?

மண்டபம் சேகரிப்பாளர்:
தம்பி, தண்ணீர் படவே கூடாது. பசை இல்லாத கெட்டி அட்டை என்றால் அது புரூஃபாக, அதாவது தபாலில் ஒட்ட அல்லாமல் மாதிரிக்காக அச்சடித்த பிரதியாக, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

1847 ஸ்டாம்புகளை அச்சடித்தது நியூயார்க்கின் ராடன், ரைட், ஹாட்ச் அண்ட் எட்சன். பேங்க் நோட்டு செதுக்கியவர்கள். முதலில் ஒரே ஓர் எஃகு டையில், அதாவது மூல அச்சுக்கட்டையில், படத்தை இடவலம் மாற்றிக் கையால் செதுக்குவார்கள். அதைக் கடினமாக்கி, மெது எஃகு உருளையை மேலே அழுத்தி உருட்டினால் கோடுகள் உருளையில் மேடாக ஏறும். அந்த உருளையையும் கடினமாக்கி, அச்சடிக்கும் தகடான ப்ளேட்டில் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பதிப்பார்கள். லென்ஸை வைத்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். மை தாளுக்கு மேல் மெல்ல எழும்பி நிற்கும். கன்னத்து நிழல்கூட கோடும் புள்ளியும்தான். அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

உங்களுக்கு வேண்டிய விஷயம் இதுதான். 1851-இலேயே பழைய ப்ளேட்டுகளை அழித்துவிட்டார்கள். 1876 ஃபிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சிக்காக 1875-இல் புதிதாகச் செதுக்கினார்கள். அட்டைப் புரூஃப்கள் இந்தப் புது ப்ளேட்டிலிருந்து, 1879 முதல் பல தடவை அச்சானவை. ஃபிராங்க்ளினின் வெள்ளைச் சட்டை மடிப்பு இடப்பக்கம் வட்டச் சட்டகத்தைத் தொடும் இடத்தைப் பாருங்கள். ஃபைவ் என்ற சொல்லின் முதல் எழுத்தின் உச்சிக்கு நேராகத் தொட்டால் 1847. மூலையிலுள்ள 5-இன் உச்சிக்கு நேராகத் தொட்டால் 1875.

பாம்பன் வாசகர்:
அண்ணே, அட்டையைச் சீவி மெலிதாக்கி ஸ்டாம்ப் என்று விற்பார்களாமே?

மண்டபம் சேகரிப்பாளர்:
ஆமாம், பழைய ஏமாற்று வேலை அது. அதற்குப் பொய் முத்திரையும் குத்துவார்கள். சீவினால் புரூஃபும் கெட்டது, ஸ்டாம்பும் கிடைக்கவில்லை. எனக்கு அது பாவமாகவே படுகிறது.

கீழக்கரை வாசகர்:
பார்த்துவிட்டேன். 5-இன் உச்சிக்கு நேராகத்தான் தொடுகிறது. அப்படியென்றால் மதிப்பே இல்லையா?

மண்டபம் சேகரிப்பாளர்:
யார் சொன்னது? தேய்ந்த ப்ளேட்டில் வந்த ஸ்டாம்பைவிடக் கோடுகள் இதில் தெளிவாக இருக்கும். செதுக்கலைப் படிக்க நினைப்பவர்கள் இதைத்தான் தேடுவார்கள். பாலியெஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். கடல் பக்கத்துச் சுவர் அலமாரி வேண்டாம், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். எப்போதாவது விற்றால் ‘1875 மறுசெதுக்கலின் அட்டைப் புரூஃப்’ என்றே எழுதி விற்றுவிடுங்கள். சரி, ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட மற்றவை என்னென்ன? பக்கங்களைப் படமெடுத்துப் போடுங்கள், பிரிப்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்கிறேன்.