குழந்தைக்குப் பூஞ்சை மருந்து ஏன்? குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

நான்: அனைவருக்கும் வணக்கம். பையனுக்கு ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தும் நான்கு நாட்களாகக் காய்ச்சல் இறங்கவில்லை. திரும்பி வந்த ரத்தப் புற்றுநோய்க்காகக் கொடுத்த கீமோவுக்குப் பிறகு கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை 500-க்குக் கீழே இறங்கி, இன்னும் ஏறவில்லை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளரவில்லை. ஆனாலும் இன்று மாலை முதல் லைப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கப்போவதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

பெரியப்பா: கல்ச்சரில் எதுவும் இல்லை என்றால் மருந்து எதற்கம்மா? அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். படர்தாமரையும் பூஞ்சைதானே, களிம்பு தடவினாலே போய்விடுகிறதே!

சித்தி: அத்தான், தோலில் வரும் பூஞ்சை வேறு, நுரையீரலிலும் ரத்தத்திலும் இறங்கும் பூஞ்சை வேறு. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் 2 முதல் 3 மைக்ரோமீட்டர் அளவே இருப்பதால், நாம் இழுக்கும் மூச்சோடு நுரையீரலின் கடைசி அறைவரை தினமும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நம் வெள்ளையணுக்கள் அவற்றை அங்கேயே தீர்த்துவிடுகின்றன. அந்த அணுக்கள் இல்லாத குழந்தையிடம் வித்து முளைத்து, அதன் இழைகள் ரத்தக் குழாய்களைத் துளைத்து அடைத்துவிட, அதற்கு அப்பாலுள்ள திசு ரத்தமின்றிச் செத்துப்போகிறது. கேண்டிடா என்ற இன்னொரு பூஞ்சையோ வெளியிலிருந்தே வர வேண்டியதில்லை. அது குடலிலேயே இருக்கிறது. கீமோவில் குடலின் உட்சவ்வு புண்ணாகி, ஆன்டிபயாடிக்கில் நல்ல பாக்டீரியாக்களும் அழிந்த பிறகு ரத்தத்துக்குள் நுழைகிறது. மருந்து ஏற்றுவதற்காகப் பெரிய ரத்தக் குழாயில் வைத்திருக்கும் சென்ட்ரல் லைன் என்ற குழாயும் அதற்கு ஒரு வழி.

சித்தி: கல்ச்சரைப் பற்றிக் கேட்டீர்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ரத்தக் கல்ச்சரில் வளர்வது மிக அரிது. ஆழமான கேண்டிடா தொற்றில்கூட ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல்ச்சர் எதையும் காட்டாது. அதனால்தான் இவனைப் போன்ற அபாயம் கூடிய குழந்தைகளுக்கு 96 மணி நேரம் கடந்தும் காய்ச்சல் நீடித்தால், ஆதாரம் கையில் கிடைக்கும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிட்டுத் தேடுகிறார்கள். சிறுநீரகத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதுதான். மருந்தைக் கொழுப்புறையில் பொதிந்த லைப்போசோமல் வகையில் அந்தப் பாதிப்பு குறைவு என்றாலும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்ப்பார்கள்.

தம்பி: அக்கா, என் நண்பர் வீட்டில் வோரிகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை மீதம் இருக்கிறது. ஊசிக்குப் பதிலாக அதைக் கேட்டுப் பார்க்கலாமா?

சித்தி: அந்த மாத்திரை வார்டுக்குள்ளேயே வரக் கூடாது. இவனுடைய சிகிச்சையில் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து இருக்கிறது. வோரிகோனசோல், போசகோனசோல் போன்றவை வின்கிறிஸ்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடுவதால், அது உடலிலேயே தங்கி நரம்புகளைத் தாக்கும். கடும் மலச்சிக்கல், சோடியம் குறைவு, வலிப்புவரை போன குழந்தைகள் உண்டு. மேலும், சிறு குழந்தைகளின் உடல் வோரிகோனசோலைப் பெரியவர்களைவிட வேகமாகச் செலவழித்துவிடும் என்பதால், ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் டோஸை மாற்றுவார்கள். வீட்டில் எடைபோட்டுக் கொடுக்கிற சங்கதி அல்ல இது.

அக்கா: என் பிள்ளைகளுக்கு அவனிடமிருந்து ஒட்டிக்கொள்ளுமா? நாளை பார்க்க வரலாம் என்று இருந்தோம். எங்கள் வீட்டில் சுவர் உடைக்கும் வேலை நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்தி: ஆஸ்பெர்ஜில்லஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. அஞ்ச வேண்டியது அவனுக்காகத்தான். சுவர் இடிக்கும் தூசியில் இந்த வித்துகள் ஏராளமாக இருக்கும். அவனுடைய நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறும்வரை நீங்கள் வராமல் இருப்பதே நல்லது. பூந்தொட்டி, பூங்கொத்து எதையும் யாரும் அனுப்ப வேண்டாம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் பூஞ்சை இருக்கும். கேண்டிடா கைகள் வழியாகப் பரவக்கூடியது, ஆகவே உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் கை கழுவாமல் லைனைத் தொடக் கூடாது.

நான்: நாளை காலை நெஞ்சுக்கு சிடி எடுக்கிறார்கள். எதைக் கேட்க வேண்டும், சித்தி?

சித்தி: பெரியவர்களின் படத்தில் பூஞ்சை முடிச்சைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம் சிறு குழந்தைகளிடம் பெரும்பாலும் தெரிவதில்லை, ஆகவே "முடிச்சோ திட்டோ இருக்கிறதா" என்று கேள். அடுத்த வின்கிறிஸ்டின் எந்தத் தேதியில் என்பதையும், பூஞ்சை மருந்தைப் பிறகு மாற்றினால் அந்தத் தேதியைத் தள்ளிவைப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள். நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற வேறொரு பூஞ்சை வராமல் இருக்க வாரத்தில் சில நாட்கள் கொடுக்கும் கோட்ரிமோக்சசோல் மருந்து தொடர்கிறதா என்றும் பார். ஆம்போடெரிசின் அதற்கு ஈடாகாது, அது ஏறுகிறது என்பதற்காக கோட்ரிமோக்சசோலை நிறுத்திவிட முடியாது.

நான்: எழுதிக்கொண்டேன். டிரிப் ஏறத் தொடங்கிவிட்டது. சிடி முடிவு வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.