கலைச்சொல்: கழற்றுகூரையும் கப்பியுறியும்

அன்பர்களுக்கு வணக்கம்.

திறந்த காரின் ஹார்ட் டாப்பை, அதாவது கழற்றி மாட்டும் கெட்டியான மேற்கூரையை, கழற்றி ஷெட்டுக்குள் மேலே தூக்கித் தொங்கவிடும் கருவிக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கூரை உயர்த்தி, மேற்கூரைப் பாரந்தூக்கி, ஏற்றுறி (ஏற்று + உறி). மூன்றாவது சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதிலும் முன்பாதியை மட்டும் மாற்றச் சொல்வேன்.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பழைய மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறார். அதற்கு வெளியில் செய்து வாங்கிய ஃபைபர் கூரை ஒன்று உண்டு. ஐப்பசி மழைக்கு அதை மாட்டுவார். தை பிறந்ததும் கழற்றிவிட்டுப் படுதாவோடு ஓட்டுவார். கழற்றியதைப் போன வருடம் சுவரில் சாய்த்து வைத்தார். ஓரத்து ரப்பர் ஒரே பக்கமாக நசுங்கி, அடுத்த மழைக்கு உள்ளே ஒழுகியது. சரி, மேலேயே தொங்கவிடுவோம் என்று கொத்தனாரை வரவழைத்தோம். நாலு கயிறு, நாலு கப்பி, சுவரோரம் கயிற்றைச் சுற்றியிழுக்கக் கைப்பிடி வைத்த வின்ச் என்று நாங்கள் விளக்கி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: "உறி மாதிரி தொங்கவிடணும்ங்கிய, அப்படித்தானே அண்ணாச்சி?"

சொல் அங்கேயே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதலில் 'கூரை'யைப் பார்ப்போம். வண்டிக்கு மேல் இருப்பதும் கூரை, ஷெட்டுக்கு மேல் இருப்பதும் கூரை. 'கூரை உயர்த்தி' என்றால் வீட்டுத் தளத்தையே உயர்த்துவதாகவும் ஒருவர் படிக்கலாம். அதனால் கருவியின் பெயரில் கூரையே வேண்டாம். தொங்கும் பொருளுக்குத் தனிப்பெயர் வைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்தப் பொருளுக்கு 'கழல்கூரை' என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். ஓசை அழகுதான். ஆனால் கழல்வது தன்வினை. தானாகக் கழன்று விழும் கூரை என்று பொருள் வந்துவிடும், ஓட்டுகிறவருக்கு அது ஆபத்தான பொருள். நாம் கழற்றுகிறோம், ஆகவே 'கழற்றுகூரை'. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. 'வன்கூரை' என்பதையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கழற்றவே முடியாத தகரக் கூரையும் வன்கூரைதானே.

அப்புறம், 'பாரந்தூக்கி'. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் சரக்கைத் தூக்கி, திருப்பி, வேறிடத்தில் இறக்குகிறது. நம் கருவி எதையும் எங்கேயும் கொண்டுபோவதில்லை, நேர்மேலே ஏற்றி அங்கேயே வைத்திருக்கிறது. பாரமும் அப்படியொன்றும் பெரிதில்லை. மாஸ்டா மியாட்டா என்ற சின்னத் திறந்த காரின் கழற்றுகூரை 20 கிலோ அளவில்தான் இருக்கும். கனத்தைவிட அகலமும் பின்கண்ணாடியும்தான் தொல்லை. ஒரே ஆள் தூக்கினால் எங்காவது இடித்துவிடும். 'உயர்த்தி' என்றால் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தூக்கும் ஒர்க்‌ஷாப் லிஃப்ட்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே இழுப்பது மேலிருந்து.

உறி அப்படியல்ல. உத்திரத்தில் கட்டி, பூனைக்கு எட்டாமல் பால்சட்டியையும் வெண்ணெயையும் வைத்த பொருள் அது. பல கயிறுகள் மேலே ஒன்றாகச் சேர்ந்து கீழே ஒரு பாத்திரத்தைச் சாயாமல் ஏந்தும். இந்தக் கருவியிலும் அதே கணக்குத்தான்: நாலு கயிறும் ஒரே உருளையில் சுற்றுகின்றன, ஒன்று நீண்டுவிட்டால் கழற்றுகூரை சாய்ந்துவிடும். நைலான் கயிறு இழுபட்டு நீளும் என்பதால்தான் பாலியெஸ்டர் வாரோ கம்பிக்கயிறோ போடச் சொல்கிறார்கள்.

"உறி அசையாமல் தொங்குவது, இதுவோ ஏறி இறங்குவது" என்ற மறுப்பு நியாயமானதுதான். அதற்கு உறியடியே பதில். கோகுலாஷ்டமிக்குத் தெருவில் உறியடி நடக்கும்போது, ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உறியை ஏற்றியும் இறக்கியும் ஆட்டம் காட்டுவார். மேலே ஒரு கப்பி இருக்கும். ஏறி இறங்கும் உறி நம் கண்ணுக்குப் பழகியதுதான்.

அந்தக் கப்பியைத்தான் முன்னால் சேர்க்கச் சொல்கிறேன்: 'கப்பியுறி'. 'ஏற்றுறி'யில் அடுத்தடுத்து வரும் றகரம் நாக்கைத் தடுக்கிறது. ஏற்றுவதை மட்டும் சொல்லி, எதனால் ஏறுகிறது என்பதை அது விட்டுவிடுகிறது. கிணற்றில் உருள்வதைச் சில ஊர்களில் சகடை என்றும் சில ஊர்களில் ராட்டினம் என்றும் சொல்வார்கள். ஆனாலும் கப்பி என்றால் ஹார்டுவேர் கடையில் கையில் எடுத்துத் தந்துவிடுவார்கள்.

உறுப்புகளுக்கும் பெயர் வந்துவிடுகிறது: உறிக்கயிறு, உறிவார், உறிக்கொக்கி. கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. மேலைநாட்டுக் குறிப்புகளில் மரச்சட்டத்தில் திருகு முடுக்கச் சொல்லியிருக்கும். நம் கான்கிரீட் தளத்துக்கு அது பொருந்தாது, துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். அதனால் 'உறித்திருகு' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், படிக்கிறவர் வெறும் திருகை வாங்கி வந்துவிடுவார்.

வின்ச்சுக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் அமையவில்லை. கைப்பிடியை விட்டாலும் பின்னால் சுழலாதபடி பல்சக்கரத்தை ஒரு நாக்கு தடுக்கிறதே, அந்தப் பிடிமானம் சொல்லில் தெரிய வேண்டும். கமலை இறைத்த வீட்டார், தோணியில் பாய் ஏற்றிய வீட்டார் குழுவில் இருந்தால் உங்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். 'ஏற்றுறி' தந்த அன்பரின் மறுமொழியையும் எதிர்பார்க்கிறேன்.